நொறுக்குத்தீனி ஆசை: மொபைல் போனைக் கொண்டே அடக்கலாம்

இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கையில் மொபைல் போன். திரையில் யாரோ ஒருவர் பர்கரைக் கடித்துக்கொண்டே ஆஹா, ஓஹோ என்கிறார். அது முடிவதற்குள் "இன்று மட்டும் பிரியாணிக்குத் தள்ளுபடி" என்று மேலே ஒரு செய்தி வந்து நிற்கிறது. அடுத்த நிமிடம், "அம்மா, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று குரல் கேட்கிறது. வீட்டில் 13 வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் இது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல.

பர்கர் கடை நகரத்தில்தானே என்று எண்ண வேண்டாம். நான் இருப்பது காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் என்று பெரியவர்கள் சொல்லும் ஊர். விஜயராகவப் பெருமாள் கோயிலும் குளமும் ஒரு பக்கம். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை இன்னொரு பக்கம். பாலுசெட்டிச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே எண்ணெய்ச் சட்டியின் வாசனை வந்துவிடும். பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். வீட்டில் பத்தாவது படிக்கும் மகன் இருக்கிறான். ஆகையால் இந்தக் கட்டுரையில் உள்ளவற்றைப் படித்ததோடு நிறுத்தாமல், வீட்டிலும் இயக்கிப் பார்த்தே எழுதுகிறேன்.

ஆசையைத் தூண்டும் அதே போன், ஆசையை அடக்கவும் உதவும். ஆனால் எந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துவது, எந்த வேலைக்குக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பசியா, ஆசையா?

அப்ளிகேஷனைத் தேடும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஐ.சி.எம்.ஆர். அமைப்புடன் சேர்ந்து 2020ல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 2860 கிலோ கலோரி தேவை, பெண்ணுக்கு 2400. 16 முதல் 18 வயதில் பையனுக்கு இது 3320, பெண்ணுக்கு 2500. நடுத்தர உழைப்பு உள்ள ஆணுக்கோ 2710தான், பெண்ணுக்கு 2130.

அதாவது, நாள் முழுதும் உழைத்துவிட்டு வரும் அப்பாவைக் காட்டிலும் பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்குச் சாப்பாடு கூடுதலாக வேண்டும். எனவே பிள்ளை "பசிக்கிறது" என்று சொன்னால் அது பெரும்பாலும் உண்மையான பசியே. அதற்குச் சாப்பாடுதான் தீர்வு, சாஃப்ட்வேர் அல்ல.

ஆசை வேறு வகை. பசி வந்தவனுக்கு இட்லியும் சரி, தயிர்சாதமும் சரி. ஆசை வந்தவனுக்கு அந்தக் குறிப்பிட்ட சிப்ஸ் பாக்கெட்தான் வேண்டும். இட்லியைக் காட்டினால் "வேண்டாம்" என்பான். இந்த எளிய சோதனையை வீட்டில் எல்லோருமே செய்து பார்க்கலாம்.

ஆசை மனதில் எப்படி வளர்கிறது?

பின்னாளில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியல் அறிஞர்கள் ஜாக்கி ஆன்ட்ரேட், ஜான் மே ஆகியோரும், டேவிட் கவனா என்பவரும் சேர்ந்து 2005ல் ஒரு விளக்கம் தந்தனர். தின்பண்டத்தின் நினைவு முதலில் மனதில் சும்மா எட்டிப் பார்க்கிறது. அதை விட்டுவிட்டால் போய்விடும். ஆனால் நாம் அதைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் படமாக விரிக்கிறோம். மொறுமொறுப்பு, மணம், உப்பு எல்லாம் அந்தப் படத்தில் சேர்கின்றன. படம் தெளிவாகத் தெளிவாக ஆசையும் வலுக்கிறது.

அப்படியானால் மனக்கண்ணுக்கு வேறு ஒரு படத்தைக் கொடுத்துவிட்டால்? இதைச் சோதிக்க பிளிமத் குழுவினர் தேர்ந்தெடுத்தது டெட்ரிஸ். ஆம், 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய, மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்கும் அதே பழைய கேம்தான்.

2014ல் வெளியான ஆய்வில், ஆசை இருப்பதாகச் சொன்னவர்களில் ஒரு பிரிவினர் மூன்று நிமிடம் டெட்ரிஸ் ஆடினர். இன்னொரு பிரிவினருக்கு கேம் லோட் ஆவதாகக் காட்டிவிட்டு, கடைசிவரை திறக்காமலே விட்டுவிட்டனர். ஆடியவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிட ஆசை 24 சதவீதம் குறைவாக இருந்தது.

2015ல் வெளியான அடுத்த ஆய்வு, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடந்தது. 18 முதல் 27 வயதுக்குட்பட்ட 31 கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வாரம், நாளுக்கு ஏழு முறை எஸ்.எம்.எஸ். அனுப்பி, அப்போது ஆசை இருக்கிறதா, எவ்வளவு என்று கேட்டனர். அவர்களில் 15 பேர் கையில் ஐபாட் கொடுத்து மூன்று நிமிடம் டெட்ரிஸ் ஆடச் செய்தனர். ஆசையின் அளவு 70 சதவீதத்திலிருந்து 56 ஆக இறங்கியது. வாரம் முழுதும் ஆடியும் இந்தப் பலன் குறையவில்லை.

ஆசை அடியோடு மறைந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். சற்று இறங்கியது, அவ்வளவே. ஆனால் ஆசை சற்று இறங்கிய நேரத்தில்தான் "வேண்டாம்" என்று சொல்ல முடிகிறது.

எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு இது எளிதில் புரியும். சேலைக் கரைக்கு யாளியோ அன்னமோ போடும்போது, கிராஃப் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போனால் டீ ஆறிப்போனதுகூடத் தெரியாது. கண்ணும் மனமும் கட்டத்தில் இருக்கும்போது வேறு படத்துக்கு அங்கே இடமில்லை.

முதல் வேலை: தூண்டுதலை நிறுத்துங்கள்

புதிதாக எதையும் டவுண்லோட் செய்யும் முன், இருப்பதைச் சரிசெய்திடலாம்.

1. உணவு டெலிவரி அப்ளிகேஷனின் ஐகான் மீது விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். கிடைக்கும் சிறிய மெனுவில் "ஆப் இன்ஃபோ" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் "நோட்டிபிகேஷன்ஸ்" பிரிவு சென்று அனைத்தையும் ஆஃப் செய்திடுங்கள். ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் எனச் சென்று, அந்த அப்ளிகேஷனைத் தேர்ந்தெடுத்து, "அலவ் நோட்டிபிகேஷன்ஸ்" என்பதை நிறுத்த வேண்டும்.

2. யூட்யூபில் சாப்பாட்டு வீடியோ வந்தால், அதன் அருகே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி "நாட் இன்ட்ரஸ்டட்" கொடுங்கள். அந்தச் சேனலே வேண்டாம் என்றால் "டோன்ட் ரெகமண்ட் சேனல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பத்து நாட்கள் இப்படிச் செய்து வந்தால் முகப்பில் வரும் வீடியோக்கள் மாறத் தொடங்குவதைக் காணலாம்.

3. ஆண்ட்ராய்ட் போனில் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்ற பிரிவு செட்டிங்ஸிலேயே உள்ளது. எந்த அப்ளிகேஷனுக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் என்று அதில் டைமர் வைத்திடலாம்.

இவற்றைப் பிள்ளையின் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பிடுங்கிச் செய்தால், இரவே அவன் பழையபடி மாற்றிவிடுவான்!

ஆசைக் கணக்கு: கூகுள் ஃபார்ம்ஸ் போதும்

ஆசை எப்போது வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கென்று காசு கொடுத்து அப்ளிகேஷன் வாங்க வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இலவசமாகவே ஒன்றை உருவாக்கலாம்.

பிரவுசரில் உங்கள் கூகுள் அக்கவுண்ட் மூலம் நுழைந்து, கூகுள் ஃபார்ம்ஸ் தளத்தைத் திறந்திடுங்கள். "பிளாங்க் ஃபார்ம்" என்பதைக் கிளிக் செய்திடவும். நான்கு கேள்விகளை அமையுங்கள்.

முதல் கேள்வி: என்ன சாப்பிடத் தோன்றுகிறது? இதற்கு "ஷார்ட் ஆன்சர்" வகை.

இரண்டாவது: கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரமாகிறது? "மல்டிபிள் சாய்ஸ்" வகையில் 1 மணி நேரத்துக்குள், 1 முதல் 3 மணி, 3 மணிக்கு மேல் என மூன்று விடைகள்.

மூன்றாவது: இப்போது என்ன செய்கிறாய்? படிப்பு, வீடியோ, வெளியில், சும்மா என நான்கு விடைகள்.

நான்காவது: ஆசையின் அளவு. "லீனியர் ஸ்கேல்" வகையில் 0 முதல் 10 வரை.

அடுத்து "ரெஸ்பான்சஸ்" டேபில் கிளிக் செய்து "லிங்க் டு ஷீட்ஸ்" கொடுங்கள். இனி வரும் பதிவுகள் எல்லாம் ஓர் ஒர்க்ஷீட்டில் தாமாகவே சேரும். தேதியும் நேரமும்கூட முதல் கட்டத்தில் தானாகப் பதிவாகும் என்பதுதான் இதன் சிறப்பு. பின் ஃபார்மை "பப்ளிஷ்" செய்து, லிங்க்கைக் காப்பி செய்து பிள்ளையின் போனுக்கு அனுப்புங்கள். போனில் குரோம் பிரவுசரில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "ஆட் டு ஹோம் ஸ்கிரீன்" கொடுத்தால் சாதாரண அப்ளிகேஷன் போலவே ஓர் ஐகான் வந்து அமர்ந்துகொள்ளும். ஒரு பதிவு செய்ய அரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டு வாரம் கழித்து கம்ப்யூட்டரில் அந்த ஒர்க்ஷீட்டைத் திறந்து, "டேட்டா" மெனுவில் "கிரியேட் எ ஃபில்டர்" கொடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் ஓர் அடையாளம் தோன்றும். அதில் கிளிக் செய்து, "வீடியோ" என்று உள்ளவற்றை மட்டும், அல்லது "3 மணிக்கு மேல்" என்று உள்ளவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டுக் கணக்கில் தெரிந்தது என்ன? இரண்டு வாரத்தில் மகன் செய்த பதிவுகள் 26. அவற்றில் 11 பதிவுகள் மாலை 5 மணிக்கும் 6.30க்கும் இடையே வந்தவை. எல்லாவற்றிலும் "3 மணிக்கு மேல்" என்ற விடை. பள்ளியில் பகல் 12.30க்குச் சாப்பிட்டவன், காஞ்சிபுரத்தில் டியூஷன் முடித்து வீடு வரும்வரை வயிற்றில் ஒன்றும் இல்லை. இது ஆசையே அல்ல, சரியான பசி. 9 பதிவுகள் இரவு 9.30க்கு மேல் வந்தவை. சாப்பிட்டு மூன்று மணி நேரம்கூட ஆகாதபோது, "வீடியோ" பார்க்கையில் வந்தவை. இதுதான் ஆசை. மீதி 6 அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன.

மாலை நேரத்துக்கு எந்த கேமும் தேவைப்படவில்லை. டியூஷன் பையில் ஒரு சின்ன டப்பா சேர்ந்தது. ஒரு நாள் வேர்க்கடலை, ஒரு நாள் வாழைப்பழம், ஒரு நாள் மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லியில் இரண்டு துண்டு. அல்லது பச்சைப்பயறு சுண்டல். மரகதவல்லித் தாயார் சன்னதியில் வறுத்த பயறும் முளைக்கும் என்று நம்பும் ஊர் எங்களுடையது. பயறுக்கு இங்கே தனி மரியாதை உண்டு! டப்பா போக ஆரம்பித்த பிறகு பஸ் ஸ்டாப் பஜ்ஜிக்கு அவன் கேட்கும் காசு தானாகவே குறைந்தது.

இரவுக்கு மூன்று நிமிட விளையாட்டு

இரவு ஆசைக்கு டெட்ரிஸ் போன்ற கேமை இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். இதில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

இலவச கேம்களில் விளம்பரம் வரும். ஆசையை அடக்க ஆடும்போது நடுவில் பீட்சா விளம்பரம் வந்தால் என்ன பயன்? எனவே இண்டர்நெட் இல்லாமலே இயங்கும் கேமாகத் தேர்ந்தெடுத்து, ஏரோபிளேன் மோடை ஆன் செய்துவிட்டு ஆடச் சொல்லுங்கள்.

போனில் உள்ள கடிகாரத்தில் மூன்று நிமிட டைமர் வைத்திட வேண்டும். மணி அடித்ததும் மீண்டும் ஃபார்மைத் திறந்து ஆசையின் அளவைப் பதியலாம். 8 என்று இருந்தது 5 ஆனதைத் தன் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு, யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை.

தூங்கப் போகும் நேரத்தில் போனே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்வதும் சாக்லேட் ஆசையைக் குறைக்கிறது என்று ஆன்ட்ரேட் குழுவினரே 2012ல் ஓர் ஆய்வில் காட்டியுள்ளனர். கண்ணையும் கையையும் சேர்த்து இழுக்கும் எந்த வேலையும் முயன்று பார்க்கத் தக்கதே. நோட்டில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதும் அப்படிப்பட்டதுதானே!

இன்னொரு வகை: விரலுக்குப் பயிற்சி

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் நடாலியா லாரன்ஸ் தலைமையிலான குழு, "ஃபுட் டி" என்ற இலவச அப்ளிகேஷனை வெளியிட்டது. திரையில் படங்கள் வேகமாக வந்து போகும். பச்சை வட்டத்துடன் வரும் படத்தை உடனே தட்ட வேண்டும். சிவப்பு வட்டம் வந்தால் தட்டக் கூடாது. சிப்ஸ், கேக், சாக்லேட் போன்றவை எப்போதும் சிவப்பு வட்டத்தோடுதான் வரும். இப்படிப் பலமுறை கையை நிறுத்திப் பழகினால், நிஜத்திலும் கை நிற்கப் பழகும் என்பது இதன் அடிப்படை.

இந்தக் குழு 2015ல் வெளியிட்ட ஆய்வில் 83 பெரியவர்கள் பங்கேற்றனர். கம்ப்யூட்டரில் பத்துப் பத்து நிமிடமாக நான்கு முறை இந்தப் பயிற்சி எடுத்தவர்கள், சராசரியாக 0.7 கிலோ எடை குறைந்தனர். இது பெரியவர்களிடம் கண்ட முடிவு. எனவே வீட்டில் இதை முதலில் ஆடிப் பார்க்க வேண்டியது அப்பாவும் அம்மாவும்தான். வடையும் முறுக்கும் இந்த கேமில் வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்!

கலோரி எண்ணும் அப்ளிகேஷன் வேண்டாம்

"உணவு" என்று தேடினால் ஸ்டோரில் முதலில் வந்து நிற்பவை கலோரி கணக்கு அப்ளிகேஷன்கள். டாக்டர் சொல்லிப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு அவை உதவலாம். வளரும் பிள்ளைகள் கையில் அவை ஆபத்து.

என் அண்ணன் மகளுக்கு 16 வயது. அப்படி ஒன்றைத் தானே இன்ஸ்டால் செய்துகொண்டாள். அவள் கேட்ட எடையை வைத்து அது ஒரு நாளைக்கு 1200 கலோரி என்று இலக்கு கொடுத்தது. மேலே சொன்ன 2500ஐ நினைத்துப் பாருங்கள்; பாதிகூட இல்லை. எண் தாண்டினால் திரை சிவப்பாகும். சிவப்பைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு காலை இட்லியையும். இரண்டு மாதத்தில் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். டாக்டர் எழுதித் தந்த மருந்துச் சீட்டில் முதல் வரி, அந்த அப்ளிகேஷனை நீக்க வேண்டும் என்பதுதான். அவள் மீண்டும் கணக்குப் பார்க்காமல் ஒரு தட்டுச் சோறு சாப்பிட ஏழு மாதம் ஆயிற்று.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. இந்த வயதில் டயட் இருக்கத் தூண்டக் கூடாது. வீட்டில் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுவது நல்லது என்பவை அதன் முக்கிய அறிவுரைகள்.

உங்கள் பிள்ளை சாப்பாட்டைத் தவிர்ப்பது, ஒளித்துவைத்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதும் வாந்தி எடுக்க முயல்வது போன்றவை தெரிந்தால் அப்ளிகேஷன் எதுவும் தேட வேண்டாம். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இன்ஸ்டால் செய்யும் முன்

அமெரிக்காவில் டபிள்யூ டபிள்யூ என்ற நிறுவனம், 8 முதல் 17 வயதினருக்காக "கர்போ" என்ற அப்ளிகேஷனை 2019ல் கொண்டு வந்தது. சிறு பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேர்த்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்கில், 2022ல் அந்த நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும், சேர்த்த தகவல்களை அழிக்கவும் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டிலும் 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 18 வயதுக்குட்பட்டவர் தகவலைப் பெற, பெற்றோரின் சரிபார்க்கத் தக்க சம்மதம் வேண்டும் என்கிறது அது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் வரும்வரை காத்திராமல், நாமே சில சோதனைகளைச் செய்திடலாம்.

பிளே ஸ்டோரில் அப்ளிகேஷனின் பக்கத்தில் "டேட்டா சேஃப்டி" என்ற பகுதி இருக்கும். என்னென்ன தகவல் சேர்க்கப்படும், யாருக்குத் தரப்படும் என்பதை அங்கே காணலாம். கட்டம் அடுக்கும் கேமுக்கு உங்கள் கான்டாக்ட் பட்டியலும், இருக்கும் இடமும் எதற்கு? கேட்டால் "டோன்ட் அலவ்" கொடுங்கள். எடை, உயரம், போட்டோ கேட்கும் அப்ளிகேஷனைப் பிள்ளையின் போனில் வைக்கவே வேண்டாம்.

நாம் உருவாக்கிய ஃபார்முக்கும் இது பொருந்தும். அதில் உள்ளது பிள்ளையின் சொந்தக் கணக்கு. அவன் அழைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உறவினர் வந்திருக்கும்போது அதைத் திறந்து காட்டிச் சிரிக்காதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தால், அதன்பின் அந்த ஒர்க்ஷீட்டில் உண்மை இருக்காது.

இந்த வாரம் நோட்டிபிகேஷனை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து ஃபார்மை உருவாக்குங்கள். கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களுக்கு ஒர்க்ஷீட்டும் ஃபில்டரும் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இரண்டு வாரம் பதிவு ஓடட்டும். பிறகு பிரித்துப் பாருங்கள். பசி என்று தெரிந்த நேரத்துக்கு டப்பாவில் ஏதாவது கொடுத்தனுப்புங்கள். ஆசை என்று தெரிந்த நேரத்துக்கு மூன்று நிமிடம் கட்டம் அடுக்கட்டும்.